ஆப்பிள் எங்கே விளையும்

ஹாரன் சத்தம் கேட்டதும் ஹதீலுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது.

துறைமுக நகரமான அகபாவின் ரவுண்டானா. மத்தியான வெயில். ஒரு பக்கம் கடல் நீலமாகச் சிரித்துக்கொண்டிருக்க, நட்ட நடுத்தெருவில் அவளுடைய பழைய வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, அடங்கிப்போயிருந்தது. இது இன்றைக்குப் புதிதில்லை. ஓடும்போது நன்றாகத்தான் ஓடும். நிற்கும்போதுதான் வம்பு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும்... உயிர் போய்விடும். அதனால் சிக்னலில்கூட ஒரு காலால் பிரேக்கையும் இன்னொரு காலால் ஆக்ஸிலேட்டரையும் மிதித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். இன்றைக்கு அந்த வித்தையும் பலிக்கவில்லை.

பின்சீட்டில் கூரையைத் தொடும் ஆப்பிள் பெட்டிகள். பின்னால் ஒரு பிக்கப். அதை ஓட்டி வந்தவன் ஹாரனை விடுவதாக இல்லை.

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள்.

"காது நல்லாவே கேக்குது! பறந்து போகச் சொல்றீங்களா?"

பிக்கப்பின் ஜன்னலில் ஒரு தலை எட்டிப்பார்த்தது. முப்பதைத் தாண்டிய முகம். கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்கு கிரீஸ்.

"பறக்க வேணாம், உக்தி. கீழே குனிஞ்சு பாருங்க, தண்ணி சொட்டுது. அதைச் சொல்லத்தான் ஹாரன் அடிச்சேன்."

அகபாவின் பட்டறைக்காரர்களுக்கு எல்லாப் பெண்களும் 'உக்தி'தான், கூடப்பிறந்தவள்தான். அவள் குனிந்து பார்த்தாள். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீங்க. உள்ளே ஈரம் இறங்கியிருந்தா என்ஜின் கம்ப்யூட்டரே எரிஞ்சு போயிடும்."

"எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான் பயமுறுத்தி ஆரம்பிப்பாங்க."

"நான் மெக்கானிக்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதான் கன்னத்துல போர்டு மாட்டியிருக்கீங்களே!"

அவன் அவசரமாகக் கன்னத்தைத் துடைத்தான். கிரீஸ் காதுவரை பரவியது. ஹதீலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது... உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். தேன் நிறம். கேலி இல்லை அதில். நடுத்தெருவில் ஒருத்தி தவிக்கிறாளே என்ற அக்கறை மட்டும்தான் இருந்தது. யாராவது தன்னை அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மீதே எரிச்சல் வந்தது.

அவன் பெயர் இயாத். துறைமுகத்துக்குப் பின்னால் பட்டறைத் தெருவில் சொந்தமாக ஒரு ஷெட் வைத்திருந்தான். கயிறு கட்டி வண்டியை அங்கே இழுத்துப் போனான். பானெட்டைத் திறந்து, கையளவு இரும்புத் துண்டு ஒன்றை விரலால் தட்டிக் காட்டினான்.

"இதான் ஆளு. ஐடில் வால்வு. நீங்க காலை எடுத்ததும் காத்து வர்ற கதவு மூடிக்கும். அப்போ என்ஜின் சாகாம இருக்க இதுதான் கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விடும். இது கெட்டா, வண்டி நின்ன இடத்துல மூச்சு நின்னுடும்." பக்கத்தில் செருகியிருந்த ரப்பர் குழாய்களைத் தொட்டான். "ரேடியேட்டர்ல என்ன ஊத்தறீங்க?"

"தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி. எங்கப்பா எப்பவும் அதான் ஊத்துவார்."

"இந்த நாட்டுல எல்லார் அப்பாவும் அதான் ஊத்தறாங்க," என்றான் அவன். "உப்பு படிஞ்சு, துருப்பிடிச்சு, உள்ளே இருக்கிற ரப்பரைத் தின்னுடுச்சு. தண்ணி வால்வுக்குள்ளேயே கசியுது. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தா கம்ப்யூட்டரை அடக்கம் பண்ணி ஃபாத்திஹா ஓத வேண்டியதுதான்."

"மாத்திட்டா இனிமே நிக்காதே?"

"சிக்னல்ல நிக்கும். அணையாது."

"விளையாடாதீங்க." அவள் குரல் மாறிப்போனது. "வழியில நிக்கக் கூடாது. ஒரு தடவைகூட. எங்க அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

வாக்கு என்ன என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. அந்நியனிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம். அவளுடைய ஊரான ஷோபக்கின் மலைப் பாதையில், பனிமூட்டத்தில், இதே வண்டியின் டயரை மாற்ற அப்பா இறங்கினார். வந்த லாரிக்காரனுக்கு அவர் தெரியவில்லை. அன்றிலிருந்து அண்ணன் ஃபவாஸுக்கு இந்த வண்டியைக் கண்டால் ஆகாது. "அப்பாவைத் தின்ன வண்டி" என்பான். தின்றது லாரி என்று அவள் எவ்வளவோ வாதாடிப் பார்த்தாள். அப்பா அவளுக்கென்று எழுதிவைத்த ஆப்பிள் மரங்கள் இருந்தன. அவற்றைத் தரகனிடம் தள்ளிவிட்டு அடுப்படியில் உட்கார அவளால் முடியாது. தானே அகபாவுக்குக் கொண்டுபோய் ஹோட்டல்களுக்கு விற்கிறேன் என்று அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் சாவியை வாங்கினாள். சாவியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. வண்டி ஒருதடவை வழியில் நின்றால் போதும்... சாவி திரும்ப ஃபவாஸ் கைக்குப் போய்விடும். பிறகு தோட்டம் தரகனுக்கு, அவள் அடுப்படிக்கு.

"என்ஜின் ஆறட்டும்," என்றான் இயாத். "சூட்டோட குழாயைக் கழட்டினா கொதிக்கிற தண்ணி வால்வுல கொட்டும். நம்ம மூஞ்சியிலயும் கொட்டும்."

ஒரு ஸ்டூலை இழுத்துத் துணியால் துடைத்து அவளுக்குப் போட்டான். துணி ஸ்டூலைவிட அழுக்கு. அவள் ஸ்டூலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், நின்றுகொண்டே இருந்தாள். அவனுக்குக் காதுமடல் சிவந்தது. உள்ளே போய் ஒரு புதுத் துண்டைக் கொண்டுவந்து விரித்தான். சேஜ் என்ற வாசனை இலை போட்ட தேநீர் வந்தது. வெளியே கடல்காற்று, தார்ப்பாய் படபடப்பு... பேச ஒன்றுமில்லாத இரண்டு பேர். ஆனாலும் அந்த மௌனம் அவளுக்கு உறுத்தவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவன் வேலையைத் தொடங்கினான். ரேடியேட்டரின் அடியில் வாளி வைத்துத் தண்ணீரை வடித்தான். தேநீர் நிறத்தில் வந்தது. வால்வைக் கழற்றினான். ஒட்டிப்போயிருந்த பழைய கேஸ்கட் தாளைப் பிளேடால் சுரண்டினான், ஒரு துகள்கூட உள்ளே விழாமல் பஞ்சு அடைத்துக்கொண்டு. ஹதீல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கைகள். நகத்தில் கறுப்பு. ஆனால் புது வால்வை எடுத்து வைத்தபோது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் வைத்தன. இவ்வளவு பெரிய கை இவ்வளவு மெதுவாக இருக்க முடியுமா...

"இந்த ரெண்டு குழாயும் வால்வுக்கு வெந்நீர் கொண்டுபோறது," அவன் குனிந்தபடியே பேசிக்கொண்டிருந்தான். "இதை நான் வால்வுலயே மாட்டப்போறதில்லை. நடுவுல ஒரு பித்தளைக் குழாய் வச்சு ரெண்டையும் இணைச்சுடுவேன். தண்ணி அந்தப் பக்கமே போகாது, இனி கசியவும் கசியாது. இதெல்லாம் குளிர் ஊர்க்காரங்களுக்காக வச்சது. நமக்கு எதுக்கு? இந்தத் தெருவுல எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்வோம்."

"ம்..." என்றாள் ஹதீல்.

ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதில் கூலண்டை ஊற்றி, உள்ளே அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்தது. காலை எடுத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அணையவில்லை. ஒரே சீராக, தாழ்ந்த குரலில், தன்பாட்டுக்கு நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அப்பா இருந்த காலத்துச் சத்தம் அது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கூலியோடு நீட்டினாள். அவன் அங்கேயே அதைக் கடித்தான். கடித்தபடி அவளையே பார்த்தான். மென்று விழுங்க மறந்துவிட்டான் போலிருந்தது.

"போயிட்டு வர்றேன்," என்றாள் அவள். வர்றேன் என்று ஏன் சொன்னோம் என்று வழியெல்லாம் யோசித்தாள்.

அன்று வீடு வந்து சேரும்வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை. அவளாகவே வழியிலுள்ள நகப் மலையேற்றத்தின் உச்சியில் ஓரமாக நிறுத்தி, காலை எடுத்துவிட்டு, என்ஜின் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா நிற்பது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

அடுத்த வாரம் அகபா புறப்பட்டபோது கடல் நிறத்தில் முக்காடு போட்டிருந்தாள். அண்ணி ஸமர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அடியே, ஆப்பிளுக்கா இந்த அலங்காரம்? ஆப்பிள் இப்பவெல்லாம் கண்ணு வச்சுப் பாக்குதோ?"

"போங்க அண்ணி, சும்மா..."

சும்மாதான். ஆனால் ஒரு சின்னப் பெட்டி தனியாக முன்சீட்டில் இருந்தது. தோட்டத்தின் நல்ல ஆப்பிளாகப் பொறுக்கி அடுக்கியது. ஹோட்டலுக்கு இல்லை.

ஊரைத் தாண்டி, பாலைவன நெடுஞ்சாலையைத் தொடும் முன்னரே பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஈரக் குளிர். கண்ணாடியில் நீர் படிந்து படிந்து உறைந்தது. பாதை தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தாள். என்ஜின் ஒரு மாதிரி இழுத்தது... மூச்சுத் திணறுவதுபோல். வளைவில் காலை எடுத்தாள்.

அணைந்துவிட்டது.

சாவியைத் திருப்பினாள். உறுமி அணைந்தது. மறுபடியும். மறுபடியும் அணைந்தது. எங்கோ பின்னால் லாரியின் ஹாரன் கேட்டது. இது அந்தப் பாதை. அதே பனி. அப்பா கதவைத் திறந்து இறங்கினாரே, அது இப்படிப்பட்ட ஒரு காலையில்தான். கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பாதையை விட்டு விலகி, பாறைக்குப் பின்னால் போய் நின்று, அண்ணனைப் போனில் அழைத்தாள். வேறு யாரை அழைப்பது? அந்த லாரி அவள் வண்டியை உரசுவதுபோல் கடந்து போனது.

ஃபவாஸ் சாலைத்துறையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். அந்த வண்டியின் மஞ்சள் விளக்கு சுழலச் சுழல வந்து சேர்ந்தான். இறங்கியதும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பிறகு அவளுடைய வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காததுபோல் என்ஜின் பிடித்து ஓடியது!

அவன் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வது?

அன்று மத்தியானம் தரகன் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனான். வரும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

ஹதீல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூலி கொடுத்தபோது இருவரும் குறித்துக்கொண்ட எண்ணில் பட்டறைக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க உக்தி! வண்டி எப்படி..." அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சி அவளை இன்னும் எரித்தது.

"நின்னுடுச்சு. நிக்காதுன்னு சொன்னீங்க. நின்னுடுச்சு!"

"எங்கே? எங்கே நின்னுச்சு?"

"பனிமூட்டத்துல. எங்கப்பா செத்த ரோட்டுல! இனிமே ஓட்டக் கூடாதுன்னு அண்ணன் சாவியை வாங்கிட்டார்!"

மறுமுனையில், "பனியா... யா அல்லாஹ்..." என்று மூச்சு மாதிரி ஒரு குரல். அவள் துண்டித்துவிட்டாள். அவன் திரும்ப அழைத்தான். எடுக்கவில்லை. போனை அணைத்துத் தலையணைக்கடியில் தள்ளினாள். பொய்க்காரன். கண்ணில் தேன் வைத்துக்கொண்டு பொய் சொல்கிறவன். அவனை நம்பி... அந்த முக்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

வியாழக்கிழமை பனி கொட்டியது. ஷோபக்கின் பாதைகள் அடைபட்டன. மத்தியானம் ஃபவாஸ் வீடு திரும்பியபோது கூடவே இரண்டு விருந்தாளிகள்.

"சக்கரத்துக்குச் சங்கிலிகூட இல்லாம பனியில ஏறி வந்திருக்காங்க, அகபாக்காரங்க!" வாசலிலிருந்தே கத்தினான். "பள்ளத்துல சரிஞ்சு கிடந்தாங்க. ஸமர், அடுப்புல காப்பி வை. பெரியவர் விறைச்சுப் போயிட்டார். அகபாவுக்கு ஆப்பிள் கொண்டுபோற வீடு எதுன்னு விசாரிச்சு, நம்ம வீட்டைத்தான் தேடி வந்தாங்களாம்!"

ஹதீல் திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். இயாத்! தோளில் பனி. கையில் ஒரு கருவிப்பை. கிரீஸ் இல்லாத கன்னம். பக்கத்தில், மெல்லிய கோட்டுக்குள் பற்கள் தாளம்போட ஒரு பெரியவர். அவனுடைய சித்தப்பா அபூ ஸுஹைல், அகபாவில் மீன் விற்பவர்.

"ஆண்பிள்ளை ஒருத்தன் பெரியவரையும் கூட்டிக்கிட்டு, பனியில உருண்டு, பொண்ணு இருக்கிற வீட்டுக்கு எதுக்கு வருவான்?" ஸமர் அவள் இடுப்பில் இடித்தாள். "கடல் நிற முக்காடு எங்கேடி?"

"அண்ணி, வாயை மூடுங்க!"

ஃபவாஸ் இரண்டு பேருக்கும் தோல் போர்வை கொடுத்து, கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பியைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தான். அபூ ஸுஹைல் இரு கையாலும் வாங்கி உதட்டுக்குக் கொண்டுபோனார். இயாத் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். தன் கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தான். அவர் கோப்பையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் ஒன்று கேட்க வந்திருக்கிறான். கிடைக்கும்வரை குடிக்க மாட்டான். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கே அவமானம்.

"அடப்பாவி," என்று சித்தப்பா கிசுகிசுத்தது திரைக்குப் பின்னால்கூடக் கேட்டது. "பொண்ணு கேக்கவா வந்தோம்? வண்டி ரிப்பேர்னுதானேடா சொன்னே? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல கோட்டா போட்டிருப்பேனே!"

ஹதீலின் முகம் தீயாய்க் காந்தியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்? வேலையைக் கெடுத்துவிட்டு, அந்தத் தப்பை மறைக்க என்னையே கேட்டு வருவதா? வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இப்போதே, இந்தத் திரையை விலக்கிக்கொண்டு போய்... ஆனால் கால் நகரவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் நிற்கிறாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

"என்ன வேணும், சொல்லு," என்றான் ஃபவாஸ்.

"உங்க தங்கச்சி வண்டியோட சாவி."

"என்னது?"

"சாவியை அவங்க கையில திருப்பிக் குடுக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்." இயாத் தலையைக் குனிந்தே பேசினான். "வண்டி மேல தப்பு இல்லை. அவங்க மேலயும் இல்லை. நான் செஞ்ச வேலை அது. அந்த வால்வுக்கு வெந்நீர் போறதை நிறுத்தி வச்சேன். எங்க ஊருல அதான் வழக்கம், கசிவே வராது. ஆனா ஈரமும் குளிரும் சேர்ந்தா காத்து போற வாய்ல ஐஸ் கட்டும், என்ஜினுக்கு மூச்சு அடைக்கும். நின்ன கொஞ்ச நேரத்துல என்ஜின் சூட்டுல ஐஸ் உருகிடும், ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடும். அந்த வெந்நீரே அதைத் தடுக்கத்தான். எனக்கு அது தெரியும், அண்ணே. தெரிஞ்சும் செஞ்சேன். அவங்க பேச்சு மலைப் பேச்சு, கேட்டேன். பெட்டி மேல ஷோபக்னு எழுதியிருந்துது, பார்த்தேன். அவங்க குடுத்த ஆப்பிளைத் தின்னேன். ஆப்பிள் எங்கே விளையும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெயில்லயா விளையும்? எனக்குத் தோணலை."

"ஏன் தோணலை?"

"கவனம் வேலையில இல்லை."

"வேற எங்கே இருந்துது?"

அபூ ஸுஹைல் பலமாக இருமினார்.

ஃபவாஸ் அதை விட்டுவிட்டான். அவன் கண் சிவந்திருந்தது. "அந்த ரோட்டுல எங்க அப்பாவை நான்தான் தூக்கினேன். இந்தக் கையால. இவ வண்டி நின்ன அன்னைக்கு, இவ பாறைக்குப் பின்னால போகாம வண்டிக்குள்ளயே இருந்து, அந்த லாரி கொஞ்சம் ஒதுங்கி வந்திருந்தா... இந்தக் காப்பியை எங்கே கொண்டுபோய் வச்சிருப்பே?"

"அண்ணே," என்றான் இயாத். "அதைத்தான் நானும் அந்தப் போன் வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். என்னைத் திட்டுங்க, அடிங்க. ஆனா என் தப்புக்கு அவங்களை உட்காரவச்சுடாதீங்க. குழாயைத் திரும்ப மாட்டிடறேன். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

கணப்பில் விறகு வெடித்தது. திரைக்குப் பின்னால் ஹதீலுக்கு வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. 'இதெல்லாம் குளிர் ஊர்க்காரங்களுக்காக வச்சது. நமக்கு எதுக்கு?' என்று சொன்னானே. அவன் சொன்னான். அவள் காதில் விழுந்தது. பனியில் பிறந்து பனியில் வளர்ந்தவள் அதற்கு 'ம்' என்றாளே! அதை அவன் இங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பழி இறங்கியிருக்கும். முழுப் பழியையும் தன் தலையிலேயே சுமந்துகொண்டு, ஆறிக்கொண்டிருக்கும் கோப்பையின்முன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பொய்க்காரன் என்றல்லவா நினைத்தாள்...

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஹதீல்! உள்ளே போ."

"போறேன் அண்ணே. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." "அவர் அன்னைக்கே சொன்னார், இந்த வெந்நீர் குளிர் ஊர்க்காரங்களுக்குன்னு. என் காதுல விழுந்துது. நான் குளிர் ஊர்க்காரின்னு நான் சொல்லலை. பாதித் தப்பு என்னோடது. சாவியைக் குடுக்காட்டியும் பரவாயில்லை. அவரை மட்டும் பழி சொல்லாதீங்க."

"உனக்குத் தெரியாதா? நீ ஏன் பேசாம நின்னே?"

ஹதீல் காது நுனிவரை சிவந்து, பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினாள்.

ஃபவாஸ் தங்கையைப் பார்த்தான். பிறகு அகபாக்காரனைப் பார்த்தான். அவனும் அதே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபவாஸ் ஒன்றும் முட்டாள் இல்லை. அவனும் ஒரு காலத்தில் ஸமரின் வீட்டு வேலியோரம் காரணமில்லாமல் வண்டியை நிறுத்தியவன்தான். நீளமாக மூச்சு விட்டான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் புரட்டினான். அப்பாவின் சாவி வளையம் அது. பிறகு எழுந்து வந்து தங்கையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கினான்.

"பனிமூட்டம்னா போகக் கூடாது. நான் சொன்ன பிறகுதான் போகணும். சரியா?"

"சரி அண்ணே..."

"தரகன்கிட்ட நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடறேன்." விருந்தாளிகள் பக்கம் திரும்பினான். "குடிங்க. கேட்டது கிடைச்சாச்சு. ஆறிப்போச்சு, வேற ஊத்தறேன்."

"வேணாம் வேணாம், இதே போதும்!" என்று அபூ ஸுஹைல் ஒரே மடக்கில் குடித்தார்.

தகரக் கொட்டகையின் கீழ் வண்டி நின்றது. சுற்றிலும் பனி பூவாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. இயாத் பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டு, இரண்டு குழாய்களையும் வால்வில் செருகிப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினான். ஃபவாஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தான். கூலண்ட் ஊற்றி முடித்ததும், கசிகிறதா என்று தானே விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு, "சித்தப்பாவுக்கு இன்னொரு காப்பி குடுத்துட்டு வர்றேன்," என்று சொல்லி, அவசரமே இல்லாமல் உள்ளே போனான். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான்.

ஹதீல் சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது. காலை எடுத்தாள். சீரான, தாழ்ந்த முணுமுணுப்பு. இருவரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இனிமே குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க," என்றான் அவன். "இந்தக் கூலண்டுதான். உறையாது, துருப்பிடிக்காது. கசியுதான்னு அடிக்கடி பாருங்க. வால்வு பக்கம் ஈரம் தெரிஞ்சா உடனே..."

"உடனே?"

"...எனக்குச் சொல்லுங்க."

இந்தத் தடவை 'உக்தி' என்று அவன் சொல்லவில்லை. அவள் கவனித்தாள்.

"அண்ணன் கேட்டாரே, கவனம் எங்கே இருந்துதுன்னு," என்றாள் மெதுவாக. "எனக்காவது சொல்லுவீங்களா?"

அவன் நிமிர்ந்தான். புருவத்தில் ஒரு பனித்துகள் ஒட்டியிருந்தது. தேன் நிறக் கண்களில் பயம் இருந்தது. அந்தப் பயம்கூட அழகாகத்தான் இருந்தது.

"ஆப்பிளைப் பார்க்கலை. குடுத்தவங்களைப் பார்த்தேன். ரவுண்டானாவுல நீங்க கோபமா இறங்கி வந்தீங்களே... அப்போலேர்ந்து வேற எதையும் பார்க்கலை." குரல் இறங்கியது. "நீங்க ஏன் பேசாம நின்னீங்க?"

"நீங்க பேசினது எதுவும் எனக்குள்ளே போகலை. உங்க கையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

சொல்லிவிட்டாள்! சொன்னதும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பா போன பிறகு நின்றால் செத்துவிடுவோம் என்று ஓடிக்கொண்டே இருந்தவள், பனியில் அசையாமல் நின்றாள். பயமாக இல்லை.

உள்ளேயிருந்து சித்தப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இயாத் கருவிப்பையை எடுத்துக்கொண்டான். எடுத்தும் போகாமல் நின்றான். அவள் கையில் சாவியை இறுக்கிக்கொண்டாள்.

"பாதை திறந்ததும் ஊருக்குப் போயிட்டுத் திரும்ப வாங்க. சித்தப்பாவை நல்ல கோட்டு போட்டுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அண்ணன் காப்பி குடுப்பார். கோப்பையைக் கீழே வைங்க." அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "ஆனா அப்போ சாவியைக் கேக்காதீங்க."